பொறுமை இல்லாதவள் சிறப்புப் பள்ளி ஆசிரியை ஆகலாமா?

கேள்வி, பிப்ரவரி 9

என் தங்கை சிறப்புக் கல்வியில் பட்டயப் படிப்பு முடித்துவிட்டாள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் சேரப்போகிறாள். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. அவள் முன்கோபக்காரி, வரிசையில் ஐந்து நிமிடம் நிற்கமாட்டாள். "இந்த வேலைக்கு வேண்டியதே பொறுமைதான், அது உனக்குக் கிடையாது" என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அவள் இதற்குச் சரிப்படுவாளா?

பதில், பிப்ரவரி 9, இரவு

சேரட்டும். பொறுமை இல்லை என்பதற்காக நிறுத்த வேண்டாம்.

19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என்ன வேலை என்று கேட்பவர்கள், பதிலைக் கேட்டதும் சொல்வது ஒன்றேதான்: "அப்பா, உங்களுக்கு எவ்வளவு பொறுமை!" நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் என் பொறுமையால் ஒரு குழந்தைக்குக் கெடுதல் நடந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்து இரண்டாவது வருடம். ஏழு வயதுப் பெண், அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு. படம் காட்டிப் பெயர் கேட்டால் மூன்று படத்துக்குச் சொல்வாள், நாலாவதுக்கு என்னைத் தாண்டி எங்கோ பார்ப்பாள். பத்து விநாடி இருக்கும். அப்புறம் திரும்பி, என்ன கேட்டேன் என்றே தெரியாதவள்போல் முழிப்பாள். நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. சிரித்த முகத்தோடு காத்திருந்து, அதே கேள்வியை மறுபடி கேட்பேன். ஐந்து மாதம் இப்படியே போனது.

ஒருநாள் நான் விடுப்பு. பக்கத்து வகுப்பு ஆசிரியை என் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். படபடவென்று பேசுகிறவர், எதற்கும் காத்திருக்க மாட்டார். மறுநாள் காலையில் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "அவளுக்குக் கவனம் சிதறுகிறது என்று எழுதி வைத்திருக்கிறாயே, அந்த நேரத்தில் கண் இமை துடிப்பதைப் பார்த்தாயா? தோளைத் தொட்டால்கூடத் திரும்பவில்லை. இன்றைக்கு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு."

எண்ணினேன். மதியத்துக்குள் 14 தடவை.

மருத்துவர் இஇஜி, அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுக்கச் சொன்னார். வலிப்பு. கீழே விழுந்து கைகால் இழுத்துக்கொண்டால்தான் வலிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். சில விநாடி நினைவு அறுந்து, விட்ட இடத்துக்குத் திரும்பும் வலிப்பும் உண்டு. ஆப்சன்ஸ் சீஷர் என்பார்கள். பார்க்கிறவருக்குக் குழந்தை பகல்கனவு காண்கிற மாதிரித்தான் இருக்கும். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அவள் நாலாவது படத்துக்கும் பெயர் சொன்னாள்.

ஐந்து மாதம் நான் பொறுமையாக இருந்த நேரமெல்லாம் அவள் நினைவு அறுந்து அறுந்து திரும்பிக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தவர் பொறுமை இல்லாத ஒருவர்.

"ஏன் இப்படி, இது சரியில்லையே" என்று இரண்டாம் நாளே எரிச்சல்படுகிறவளா உங்கள் தங்கை? அந்த எரிச்சல் குழந்தையின் மேல் போகாமல் சொல்லித்தரும் முறையின் மேல் போகுமென்றால், அப்படிப்பட்டவர்தான் பக்கத்து வகுப்பில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவேன்.

பிப்ரவரி 10

"பொறுமை இல்லாதவர் கை ஓங்குவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கை ஓங்குகிறவர் ஒருநாள்கூட அந்த அறையில் இருக்கக் கூடாது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் மென்மையாகப் பேசி, தலையைத் தடவிக் கொடுத்து, ஒரு பையனை மூன்று வருடம் அதே மணிகளைக் கோக்க வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். கோத்த மணிகளை மாலையில் உருவி எடுத்து, மறுநாள் காலையில் அவனிடமே கொடுப்பார். அவரைப்போல் பொறுமைசாலி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பையனால் இதற்கு மேல் முடியாது என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார். அதை அவரே அறிந்திருந்தாரா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 12

"முறையின் மேல் எரிச்சல் என்றால் என்ன, உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஜிப் பையன் கதையைச் சொல்கிறேன்.

11 வயது, ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. மேல்சட்டைக்கு ஜிப் போடக் கற்றுத்தர வேண்டும். நமக்கு ஜிப் போடுவது ஒரே வேலை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஏழு வேலை இருக்கிறது. முதலில் நான் முதல் படியிலிருந்து தொடங்கினேன்: இரண்டு முனையையும் சேர்த்துச் சொருகு. அதுதான் ஏழிலும் கஷ்டமானது. தினமும் அங்கேயே தோற்றான், சட்டையைக் கழற்றி எறிந்தான். இரண்டு வாரத்தில் சட்டையைக் கண்டாலே ஓட ஆரம்பித்தான்.

அப்புறம் தலைகீழாக மாற்றினோம். சொருகுவது, பிடிப்பது, முக்கால்வாசி இழுப்பது எல்லாம் நான். கடைசி இரண்டு விரல்கடை மட்டும் அவன். விர்ரென்று கழுத்துவரை ஏறியதும் வேலை முடிந்தது. முடித்தவன் அவன். மறுவாரம் பாதியிலிருந்து அவன். அதற்கடுத்து அடியிலிருந்து. தொடங்கும் இடம் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், முடிக்கும் இடம் மட்டும் எப்போதும் அவனுடையது. பேக்வர்ட் செயினிங் என்று படிப்பில் வரும், உங்கள் தங்கைக்குத் தெரிந்திருக்கும். ஜிப்பின் நாக்கில் ஒரு சாவி வளையமும் மாட்டினோம், அவன் விரலுக்குப் பிடி கிடைக்கட்டும் என்று. ஒன்பது வாரத்தில் முழுவதும் போட்டான்.

போட்டான் என்று நினைத்தேன். ஒருநாள் நான் வேறொரு பிள்ளையோடு இருந்தேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு முனையையும் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருக்கிறான். போய் முழங்கையை லேசாகத் தொட்டேன், உடனே போட்டுவிட்டான். ஜிப் போடுவதோடு என் கையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்! அவனைப் பொறுத்தவரை என் தொடுகைதான் முதல் படி. அந்தப் பழக்கத்தை எடுக்க இன்னும் ஐந்து வாரம் ஆனது. முழங்கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல் காட்டுவதற்கு, அப்புறம் பின்னால் நிற்பதற்கு, அப்புறம் அறையின் மறுபக்கத்துக்கு. குழந்தைக்கு உதவி செய்வது யாருக்கும் வரும். செய்த உதவியைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் எங்கள் தொழில்.

கற்றது கைவந்ததும் அவன் ஊரிலுள்ள ஜிப் எல்லாவற்றையும் மூடத் தொடங்கினான். ஆய்வுக்கு வந்திருந்த ஒரு அம்மா கைப்பைக்குள் பேனா தேடிக்கொண்டிருந்தார். இவன் பக்கத்தில் போய் நின்று, அவர் கையை மெதுவாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையை மூடிவிட்டு வந்தான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அந்த அம்மாவும் சேர்ந்து தட்டினார், என்ன நடந்தது என்று புரியாமலே.

பிப்ரவரி 17

திருத்தம். ஜிப்பை ஏழு படி என்று எழுதியிருந்தேன். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன், ஒன்பது. நான் மறந்த இரண்டு: இடது கையால் அடி முனையை அசையாமல் பிடிப்பது, பிடித்த கையை எடுக்காமலே வலது கையை மேலே கொண்டுபோவது. மூன்று வாரம் முன்னேற்றமே இல்லாமல் நின்ற இடம் அதுதான் என்று நோட்டு சொல்கிறது. இடது கை விட்டுவிடும், ஜிப் கோணிக்கொள்ளும். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்து பார்த்த பிறகுதான் அதைத் தனிப் படிகளாகப் பிரித்தோம்.

நடந்ததை அன்றன்றே எழுதாவிட்டால் மனது நல்லதை மட்டும் வைத்துக்கொள்கிறது. உங்கள் தங்கைக்கு வேலையில் சேர ஏதாவது வாங்கித் தருவதாக இருந்தால் நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

பிப்ரவரி 18

நோட்டு என்றதும் ழான் இதார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நினைவு வந்தது. 1800 ஜனவரியில் பிரான்சின் அவெரோன் பகுதியில் காட்டிலிருந்து ஒரு பையன் வெளியே வந்தான். வயது சுமார் 12. பேச்சு இல்லை, மனிதர்களோடு பழக்கமில்லை. பெரிய மருத்துவர்கள் பார்த்துவிட்டு இவன் தேறமாட்டான் என்றார்கள். இதார் அப்போது இருபதுகளில் இருந்த இளம் மருத்துவர். விக்தோர் என்று பெயர் வைத்து, பாரிசில் காது கேளாதோர் நிறுவனத்தில் ஏறக்குறைய ஐந்து வருடம் கற்பித்தார். வெட்டியெடுத்த எழுத்துகளைச் சேர்த்துப் பால் என்ற பிரெஞ்சுச் சொல்லை அமைக்கக் கற்றுக்கொண்டான். ஒருநாள் வெளியே போகும்போது அந்த நாலு எழுத்தையும் தானே எடுத்துக்கொண்டு போய், போன வீட்டில் மேசைமேல் வைத்து அடுக்கிப் பால் கேட்டிருக்கிறான். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் விக்தோர் பேசக் கற்கவே இல்லை. இதார் அதைத் தன் தோல்வியாகவே கருதினார். இருந்தும் 1801இலும் 1806இலும் என்ன செய்தார், எங்கே நின்றுபோனது என்பதை ஒளிக்காமல் அறிக்கையாக எழுதினார். அவருடைய மாணவர் எதுவார் செகேன் அந்த வழியை மேலே கொண்டுபோனார். இருவர் எழுதியதையும் மரியா மாண்டிசோரி இத்தாலிய மொழியில் தன் கையாலேயே பெயர்த்து எழுதிப் படித்தார். 1907இல் ரோமில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து உலகம் முழுவதும் பரவியதே, பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்கிற முறை, அதன் வேர் பேச்சு வராத அந்தப் பையனிடம் இருக்கிறது.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதில் ஒருவரை விட்டுவிட்டேன். விக்தோரை அன்றாடம் பார்த்துக்கொண்டவர் மதாம் கெரின். குளிப்பாட்டி, சோறூட்டி, கூட்டிக்கொண்டு நடந்து, தாயைப்போல் கவனித்தவர். இதார் கற்பிப்பதை நிறுத்திய பின்னும் 1828இல் விக்தோர் இறக்கும்வரை அவர் வீட்டிலேயே இருந்தான். அவர் அறிக்கை எதுவும் எழுதவில்லை.

எங்கள் வகுப்பிலும் ஆயாம்மாதான் பலதை முதலில் அறிவார். கழிவறைப் பயிற்சியில் ஒரு பையன் ஏன் கதவருகிலேயே நின்றுவிடுகிறான் என்று நான் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது, "ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயப்படுறான், அவன் வெளியே வந்த அப்புறம் இழுங்க" என்று ஒரே வரியில் முடித்தவர் அவர்.

பிப்ரவரி 27

இவர்களைத் தெய்வக் குழந்தைகள் என்று அழைக்க வேண்டும் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். அன்பு புரிகிறது. எனக்கு அந்தச் சொல் வேண்டாம். தெய்வத்துக்கு யாரும் ஜிப் போடச் சொல்லித்தர மாட்டார்கள். அது குறும்பு செய்யாது, பொய் சொல்லாது, பதினாறு வயதில் பக்கத்து வகுப்புப் பெண்ணைப் பார்த்து வெட்கப்படாது. என் பிள்ளைகள் இதையெல்லாம் செய்கிறார்கள். பதினாறு வயதுப் பையனிடம் கிலுகிலுப்பையைக் கொடுத்து உட்கார வைப்பதும் அந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. அவனுக்கு மீசை வந்துவிட்டது. சவரம் செய்யச் சொல்லித்தர வேண்டும்.

மார்ச் 3

இன்றைய தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 1887இல் இதே நாளில்தான் ஆன் சல்லிவன் ஹெலன் கெல்லரின் வீட்டுக்கு வந்தார். ஹெலனுக்கு இன்னும் ஏழு வயது முடியவில்லை. பார்வையும் இல்லை, காதும் கேட்காது. சல்லிவனுக்கு 20 வயது. அவருக்கே சிறு வயதில் கண் நோயால் பார்வை பழுதாகியிருந்தது. ஏழைகள் விடுதியில் வளர்ந்து, அங்கேயே தம்பியைப் பறிகொடுத்தவர். பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது அவருக்கு வைத்த செல்லப் பெயர், தமிழில் சொன்னால், நெருப்புக் கக்குகிறவள்.

கேள்வி கேட்டவர் இதைத் தன் வீட்டில் படித்துக் காட்டலாம். உலகமே அறிந்த சிறப்பு ஆசிரியை ஒரு முன்கோபக்காரி. ஹெலன் எல்லோர் தட்டிலும் கைவிட்டு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பாவம் என்று வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சல்லிவன் அதைப் பொறுக்கவில்லை. தோட்டத்துச் சிறு வீட்டுக்கு அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். ஏப்ரல் 5ஆம் தேதி குழாயடியில், ஒரு கையில் தண்ணீர் விழ மறு கையில் தண்ணீர் என்ற எழுத்துகளை எழுத, எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு என்று ஹெலனுக்குப் பிடிபட்டது.

மார்ச் 4

நேற்று எழுதியதைப் படித்தால் குழாயடியில் ஒரே நிமிடத்தில் அற்புதம் நடந்ததுபோல் இருக்கிறது. அந்தக் கதையை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்லிவிட்டேன். அதற்கு முன் ஒரு மாதம் பொம்மையிலிருந்து தொடங்கி எத்தனையோ சொற்களை அவள் உள்ளங்கையில் எழுதியிருந்தார். அவளும் விளையாட்டாகத் திருப்பி எழுதியிருந்தாள், பொருள் தெரியாமல்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. சல்லிவன் மணியடித்துப் பாடம் நடத்துவதையே விட்டுவிட்டார். ஹெலனின் உறவுக்காரக் குழந்தை ஒன்றை, ஒன்றேகால் வயது, கவனித்தார். அதற்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, முதலில் புரிந்துகொள்கிறது, பேச்சு அப்புறம் வருகிறது. கைக்குழந்தையின் காதில் பேசுவதுபோல இவள் கையில் பேசப்போகிறேன் என்று அந்த ஏப்ரலில் கடிதம் எழுதினார். முழு முழு வாக்கியமாக, அவளுக்குப் புரிகிறதா என்று சோதிக்காமல். பெரிய வெற்றி கிடைத்த அடுத்த வாரமே முறையை மாற்றத் துணிந்தவர் அவர்.

மார்ச் 11

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

முறையின் மேல் எரிச்சல் இருந்தால் போதும் என்கிற மாதிரி நான் எழுதிவருகிறேன். என் எரிச்சலாலும் பிள்ளைகள் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் ஆறு ஏழு வருடம், ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் "என்னைப் பார்" என்று பழக்கினேன். கண்ணுக்கு நேரே பொருளைப் பிடிப்பேன். தாடையைத் தொட்டுத் திருப்புவேன். பார்த்தால்தான் கேட்டது கிடைக்கும். அப்போது பல இடங்களிலும் அப்படித்தான் செய்தார்கள், திட்டத்திலேயே இலக்காக எழுதியிருக்கும். நான் விடாப்பிடியாகச் செய்தேன், பலனும் கிடைத்தது. பிள்ளைகள் பார்த்தார்கள்.

பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில், ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவர் பேச வந்திருந்தார். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "என்னால் பார்க்க முடியும், இல்லையென்றால் கேட்க முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறீர்கள். நான் உங்கள் கண்ணைப் பார்த்த வகுப்புகளில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை." அன்று வீட்டுக்கு வந்து தூங்க முடியவில்லை. என் பழைய பிள்ளைகளில் பாதிப்பேர் இதைச் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தவறு இல்லை. 1880இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக மாநாடு கூடி, சைகை மொழி வேண்டாம், பேச்சு வழியே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் அநேகமாக எல்லோரும் காது கேட்கிறவர்கள். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பல பள்ளிகளில் பிள்ளைகளைச் சைகை செய்ய விடவில்லை, சில இடங்களில் கையைக் கட்டியும் போட்டார்கள். அந்தத் தீர்மானங்களைக் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே கல்வி மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010இல். இடையில் 130 வருடம். அந்த ஆசிரியர்களிலும் பெரும்பாலோர் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

உங்கள் தங்கை முறையின் மேல் எரிச்சல்படட்டும். தன் முறையின் மேலும் படட்டும்.

மார்ச் 12

கேட்டவருக்கு: இல்லை, இப்போது யாரையும் கண்ணைப் பார்க்கச் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம்.

மார்ச் 20

"என் மகன் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறான், அதை எப்படி நிறுத்துவது?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். நிறுத்த வேண்டாம். எக்கோலாலியா என்பார்கள். "தண்ணி வேணுமா?" என்று அவன் உங்களிடம் வந்து சொன்னால் அவனுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வருவதற்கு முன்னால் காதில் விழுந்த சொல் அதுதானே? அவன் சரியாகத்தான் பிடித்திருக்கிறான். "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவனே சொல்வதுபோல் சொல்லிக்காட்டி, உடனே கொடுங்கள். திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

என்னிடம் இருந்த ஒரு சிறுவன் எது கீழே கொட்டினாலும் "எத்தனை தடவை சொல்றது!" என்பான். குரல், இழுப்பு, கடைசியில் வரும் பெருமூச்சு எல்லாம் அப்படியே. முதலில் அவன் வீட்டில் யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்து, அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கி, "அது உங்க குரல் டீச்சர்" என்றார். அன்றோடு அந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து எடுத்தேன். கொட்டினால் "துடைச்சிடலாம்" என்று சொல்லப் பழகினேன். நாலு மாதம் கழித்து, என் கை தட்டி மேசையெல்லாம் பெயின்ட் கொட்டியபோது, பின்னாலிருந்து ஒரு குரல்: "துடைச்சிடலாம்." துணியோடு வந்து நின்றான்.

மார்ச் 24

பேச்சில்லாத பையன் ஒருவரின் கையை ஆசிரியர் பிடித்திருக்க, எழுத்துப் பலகையில் அழகான வாக்கியங்கள் வரும் காணொளியைப் பகிர்ந்திருக்கிறார்கள். பார்க்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் 1990களில் இதைச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கையைப் பிடிப்பவருக்கு வேறு படம், ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. பலகையில் வந்தது கையைப் பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். அவர்கள் ஏமாற்றவில்லை. தங்கள் கைதான் நகர்த்துகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதை அறிந்ததும் உடைந்துபோனவர்கள் உண்டு.

பேச்சு வராத பிள்ளைக்குப் பேச வழி கொடுப்பது வேறு. பட அட்டையைத் தானே எடுத்து நம் கையில் கொடுப்பது, சாதனத்தில் தன் விரலால் அல்லது தன் கண்ணால் தொட்டுச் சொல்வது, இவை அவன் பேச்சு. பட அட்டை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்படும் பெற்றோருக்கு: அப்படி ஆவதில்லை. சிலருக்கு அட்டையோடு சேர்ந்து பேச்சும் வருகிறது.

ஏப்ரல் 2

முதல் நாள் நான் எழுதியதை அப்படியே விட்டுவைக்க முடியவில்லை. காரணம் இன்று என் வகுப்பில் இருக்கும் ஒரு பையன்.

மூளை முடக்குவாதம். கையும் பேச்சும் அவன் சொல்படி கேட்காது. அறிவு கூர்மை. இரண்டு அட்டை வைத்து எது என்று கேட்டால், பதில் அவன் மனதில் உடனே இருக்கும். கை கிளம்புவதற்குப் பதினைந்து இருபது விநாடி ஆகும். அவசரப்பட்டு நான் கேள்வியை மறுபடி கேட்டால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், கிளம்பிய கை திரும்பிவிடும், மறுபடி முதலிலிருந்து. அவனிடம் முன்பு இருந்தவர்கள் ஐந்து விநாடியில் கேள்வியை மாற்றியிருக்கிறார்கள். "பதில் இல்லை" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் இருபது எண்ணுகிறேன். அவ்வளவுதான் நான் புதிதாகச் செய்தது. பத்துக்கு எட்டு சரி.

இது பொறுமை இல்லையா? பொறுமைதான். அப்படியானால் அந்தப் பெண் குழந்தைக்கு முன்னால் நான் காத்திருந்த பத்து விநாடி என்ன? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆசிரியர் சும்மா இருக்கிறார், குழந்தை பதில் சொல்லவில்லை. ஆனால் இவன் காத்திருக்கும்போது தோள் அசைகிறது, சுட்டு விரல் மற்ற விரல்களிலிருந்து பிரிகிறது, மூச்சு மாறுகிறது. ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். அவளிடம் எல்லாமே நின்றுபோய், இமை மட்டும் துடித்தது. அவளிடம் காத்திருந்தபோது நான் என் முகத்துப் புன்னகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எனவே பொறுமை வேண்டாம் என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த இருபது விநாடியில் கண் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது எந்தப் பொறுமை என்று சொல்ல முடியும்.

ஏப்ரல் 15

தங்கை சேர்ந்துவிட்டார், மூன்றாம் நாளே ஒரு சிறுமி தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டாள், அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் கை காரியம். முடியைப் பிடித்தால் பின்னால் இழுக்கக் கூடாது. அந்தக் கையைத் தன் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுபட இடமில்லாவிட்டால் வலி குறையும், பிடியும் தளரும். கடித்தாலும் அப்படியே, கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும், வாய்ப்பக்கமாகவே மெதுவாகத் தள்ளினால் விடுவார்கள். கத்தக் கூடாது, கஷ்டம்தான். நாளையிலிருந்து முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போகட்டும். கம்மல், சங்கிலி வேண்டாம்.

அழுதது பரவாயில்லை. நான் முதல் மாதத்தில் எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். "அந்தப் பொண்ணு கெட்டவ இல்ல, என்னமோ அவளுக்குத் தாங்கல" என்று உங்களிடம் சொன்னாராமே, அதை வாசித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி.

இனி எழுத வேண்டும். இழுப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, இழுத்தபோது என்ன, இழுத்த பிறகு அவளுக்கு என்ன கிடைத்தது. "கோபமாக இருந்தாள்" என்று எழுத வேண்டாம், அது நம் ஊகம். மணி எத்தனை, அறையில் யார் யார், என்ன சத்தம், அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், என்ன செய்யச் சொன்னார்கள்.

ஏப்ரல் 16

ஒன்று விட்டுப்போனது. வலியையும் பார்க்கச் சொல்லுங்கள். பல், காது, வயிறு, மலச்சிக்கல், மாதவிடாய். பேச்சில்லாத பிள்ளை திடீரென்று அடிக்கவோ இழுக்கவோ தொடங்கினால் முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

ஏப்ரல் 23

ஐந்து நாள் எழுதிய பக்கங்களின் படத்தை அனுப்பியதற்கு நன்றி. கையெழுத்து அவசரக் கையெழுத்து, ஆனால் ஒன்றும் விடவில்லை. குறித்திருக்கும் ஆறு தடவையில் ஐந்து, 11 மணிக்குச் சற்று முன்னோ பின்னோ. ஒவ்வொரு முறையும் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று தடவை இழுப்பதற்கு முன் காதைப் பொத்தியதாக எழுதியிருக்கிறார், தங்கையே அதைப் பொருட்படுத்தாமல் ஓரத்தில் சின்னதாக. இடைவேளை மணி அந்த ஜன்னலுக்கு வெளியேதான் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். 11 மணிக்கு முன்னாலேயே நடந்த தடவைகள், மணி அடிக்கப்போகிறது என்று அவள் எதிர்பார்த்துப் பயப்படுவதாக இருக்கலாம். ஆறாவது தடவை மதியம் 2:20க்கு நடந்திருக்கிறது, அது எனக்குப் புரியவில்லை, காதைப் பொத்தியதாகவும் இல்லை. அதை விட்டுவிட வேண்டாம்.

திங்கட்கிழமை 10:50க்கு அவளைக் கூட்டிக்கொண்டு மணிச் சத்தம் எட்டாத பக்கம் ஒரு நடை போய் வரட்டும். போவதற்கு முன்னால் கதவின் படத்தைக் காட்டட்டும். என்ன நடந்தாலும், ஒன்றுமே நடக்காவிட்டாலும், எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.